நீலம் தெரியாத பெட்டி

எனக்கு எட்டு வயது நடக்கும்போது அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினார். உலக யுத்தத்துக்கு முந்திய காலம். அப்பா அங்கே ரயில்வே கந்தோரில் கிளாக்கர். என் படிப்பு இடையில் கெடக்கூடாது என்று என்னைக் கொக்குவிலில் அம்மான் வீட்டில் விட்டார்கள். அம்மான், அம்மாவின் தம்பி. அவருக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. இருவரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனாலும் மத்தியானத்தில் மாமி கண்ணயர்ந்த பிறகு, அந்தப் பெரிய வளவுக்குள் என் குரலை நானே கேட்காமல் எத்தனையோ நாட்கள் போயின.

அம்மா போகுமுன் கிணற்றடி வேலியோரம் ஒரு காக்கணங்கொடி நட்டிருந்தார். சங்குப்பூ என்றும் சொல்வார்கள். "சுவாமிக்கு நீலப்பூ வேணும் பிள்ளை. பூத்தவுடனை எனக்கு அறிவி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அது பூத்தது. அறிவிக்க வேண்டுமே! ஒரு பூவைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினேன். கருகித் தூளாகப் போய்ச் சேர்ந்ததாம். "உறைக்குள் குப்பை வைக்க வேண்டாம்" என்று அப்பா எழுதினார். அப்பாவின் கடிதம் முழுவதும் புத்திமதி. கடைசியில் மட்டும் எப்போதும் ஒரே வரி: "அம்மாவும் சுகம் விசாரித்தார்." அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே அவருக்குக் கண்ணால்தான் காட்ட வேண்டும் என்று நினைத்து, பூவைப் படமாகக் கீறத் தொடங்கினேன்.

எனக்கு ஒருவரும் பழக்கவில்லை. முதலில் சிலேட்டில் கீறியது கோலத்தில் வரும் பூ. ஐந்து இதழ், நடுவில் ஒரு பொட்டு. கொடியடிக்குப் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பூ அங்கே இல்லை. ஒரு பெரிய இதழ் விரிந்து நிற்க, மற்றவை அதன் மடிக்குள் ஒளிந்துகொண்டிருந்தன. இலைகள் காம்பில் சோடி சோடியாக வந்து, நுனியில் ஒன்று மட்டும் தனியே நின்றது. அந்தத் தனி இலையைச் சரியாகக் கீற எனக்குக் கனநாள் எடுத்தது. சுவாமிக்குரிய பூ என்பதால் பறிக்காமல், கொடியடியிலேயே குந்தியிருந்து பார்த்தேன். காலையில் விரிந்த பூ பின்னேரம் சுருண்டுவிடும். பாதியில் நிற்கும் படத்தை அடுத்த நாள் வேறொரு பூவைப் பார்த்து முடிக்க வேண்டும்.

கை ஓரளவு பழகியதும் நல்ல கடதாசி தேவைப்பட்டது. பழைய கலண்டரில் முருகன் படத்துக்குப் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வேட்டிக்குப் போடும் நீலத்தைச் சிரட்டையில் கரைத்து, ஈர்க்கால் தொட்டுத் தொட்டுக் கீறினேன். பூ, இலை, கொடி எல்லாமே நீலம். வேறு வர்ணத்துக்கு நான் எங்கே போவது?

மாமி கண்டுவிட்டார்.

"ஐயோ, உவள் செய்திருக்கிற வேலையைப் பாருங்கோ! முருகன்ரை முதுகிலை கீறி வைச்சிருக்கிறாள்!"

அம்மான் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "முருகன் கோவிக்க மாட்டார். அவரின்ரை மயிலும் நீலந்தானே" என்றார். ஆனால் நான் அதைக் கடிதத்தோடு அனுப்பச் சொன்னபோது அவரே கையை விரித்துவிட்டார். உறைக்குள் போக வேண்டுமென்றால் மடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாமிப்படத்தை மடிப்பதில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. இன்றும் நான் மடிப்பதில்லை.

அந்த மாதமே அப்பா என்னைப் படம் பிடித்து அனுப்பும்படி எழுதியிருந்தார். பட்டினத்திலிருந்து படம் பிடிக்கிறவர் மூன்று கால் பெட்டியோடும் கறுப்புத் துணியோடும் வந்தார். பிள்ளைகளின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து நிறுத்துவது அவர் வழக்கம்.

"எனக்குப் புத்தகம் வேண்டாம். என்ரை பூ இருக்கு" என்று கலண்டர் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். முருகன் என் பக்கம், பூ அம்மாவின் பக்கம்.

"ஆடாதை பிள்ளை, மூச்சும் விடாதை" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, "முருகா, அம்மா இதைக் காணவேணும்" என்று மன்றாடியபடி நின்றேன்.

ஒரு கிழமைக்குப் பின் அம்மான் பட்டினத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை அங்கேயே தபாலில் போட்டுவிட்டு மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். படத்தில் நான் இருந்தேன். என் தோடு இருந்தது. காலடியில் கிடந்த பூவரசஞ்சருகுகூட இருந்தது. என் கையில் மட்டும் வெள்ளைக் கடதாசி.

"படம் பிடிச்சவரின்ரை பெட்டிக்கு நீலம் கண் தெரியாதாம் பிள்ளை. வானத்தையும் வெள்ளையாத்தான் காட்டுமாம்" என்றார் அம்மான்.

"அறுவான், அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!" என்றார் மாமி.

அது பூ என்று எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் எழுத்தில் போனால் அது அப்பாவிடம்தான் போகும். குப்பைக் கதை என்று அவர் தள்ளிவிடுவார். நான் எழுதவில்லை. கொடியடிக்கும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில் அப்பாவின் வழக்கமான கடைசி வரியைக் காணவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறு துண்டு இருந்தது. பெரிய பெரிய எழுத்துகள் கோணல்மாணலாகக் கீழ்நோக்கிச் சரிந்து போயின. ஒரு மெய்யெழுத்தின் தலையிலும் குற்று என்கிற புள்ளி இல்லை. எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது.

"என்ரை குஞ்சு, நீ வெறுங்கடதாசி காட்டினது ஏனெண்டு எனக்கு விளங்கிச்சு. எழுதப் பழகிறன். அம்மா."

எனக்குக் கோபம் வந்தது. பூவைப்பற்றி ஒரு சொல் இல்லை, வெறுங்கடதாசியாம்! அதோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் பிரம்படிதான். பென்சிலை எடுத்து ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் குற்று வைத்தேன். கோணிய எழுத்துகளின் கீழே கோடு போட்டேன். எங்கள் வாத்தியார் எழுதுவதுபோலவே, "பிழை அதிகம். கவனம்" என்று அடியில் எழுதி, அம்மானின் அடுத்த கடிதத்தோடு அந்தத் துண்டைத் திருப்பி அனுப்பினேன். உறையை ஒட்டும்போது எனக்குக் கோபம்கூட ஆறிவிட்டது. அம்மாவுக்கு உதவி செய்த பெருமைதான் மிஞ்சியிருந்தது.

அடுத்த கடிதத்தில் துண்டு இல்லை. அப்பாவின் கையெழுத்தில், "அம்மாவும் சுகம் விசாரித்தார்" என்று இருந்தது. அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான். நான் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில், அம்மாவுக்கு எழுத்து வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். அவ்வளவு கவனமாகத் திருத்திக் கொடுத்த பிறகும் அவர் ஏன் எழுதாமல் இருக்கிறார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.