கிளப் கலைந்தால் கோல்போஸ்ட் யாருக்கு?

சென்ற மாதம் வின்சென்ட் போன் செய்தார். எடுத்த எடுப்பில், "அக்கா, நீங்க எழுதுறவங்கதானே... எங்க கிளப்புக்கு ஒரு பைலா எழுதிக் குடுங்களேன்" என்றார்.

பைலா என்றால் சங்கத்தின் விதிமுறைகள். நான் எழுதுவதோ வாராவாரம் இந்தப் பக்கத்தில் நீங்கள் படிக்கும் அரட்டை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் எங்கள் ஆஸ்டின் டவுனில் இதையெல்லாம் விளக்கி மாளாது. எழுத்தாளர் என்றால் ரேஷன் கார்டு மனுவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் எழுதித் தரவேண்டும்.

வின்சென்ட் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மைதானம்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறார். கிளப்புக்குப் பெயர் உண்டு, ஜெர்சி உண்டு, நண்பர்கள் வெல்டிங் வைத்துக் கொடுத்த இரண்டு கோல்போஸ்ட் உண்டு. காகிதத்தில் மட்டும் ஒன்றும் கிடையாது. இத்தனை வருடமாக யார் கேட்டார்கள்?

இப்போது மாநகராட்சியில் கேட்டுவிட்டார்கள். மாலை நேரத்தில் மைதானம் வேண்டுமானால் பதிவு செய்த அமைப்பாக இருக்கவேண்டுமாம். மாதக் கடைசிக்குள் பதிவுச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். அதே நேரத்துக்கு ஓர் அகாடமியும் அடி போடுகிறது — வழவழ நோட்டீஸ், மாதாமாதம் ஃபீஸ். அவர்களுக்குக் கிடைத்துவிட்டால் எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தெருவில் நிற்கும் கார்களுக்கு நடுவே பந்தை உதைத்துத் திட்டு வாங்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ஹாலில் கூடினோம். கையெழுத்துப் போடவேண்டிய கமிட்டிக்காரர்கள், நான், வின்சென்டுக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டர். அவர் லேப்டாப்பில் மாதிரி விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல எல்லோரும் தலையாட்டினார்கள். நோக்கம் — சரி. சந்தா — சரி. தேர்தல் — சரி, சரி.

கடைசிப் பக்கம் வந்தது. 'சங்கம் கலைக்கப்பட்டால்...' என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்கக்கா" என்றார் சாந்தி. ஆஸ்பத்திரியில் நர்ஸ், கிளப்பின் பொருளாளர். அவருடைய இரண்டு பெண்களும் இங்கேதான் ஆடுகிறார்கள். "ஆரம்பிக்கிறதே இப்பதான். அதுக்குள்ள மூடுற பேச்சு எதுக்கு? நான் இதுல கையெழுத்து போடமாட்டேன்."

மற்றவர்களும் பேனாவை மூடிவிட்டார்கள். ஆடிட்டர் பாவம், நிதானமாகத்தான் சொன்னார். "இது இல்லாம பதிவு ஆஃபீஸ்ல வாங்க மாட்டாங்கம்மா."

"கல்யாணப் பத்திரிகையில டைவர்ஸுக்கும் ஒரு வரி போடுன்ற மாதிரி இருக்கு சார்" என்றார் சாந்தி. எனக்கும் அவர் பக்கம்தான் மனம் சாய்ந்தது.

வின்சென்ட் லேப்டாப்பை மறுபடி என் பக்கம் திருப்பினார். பிறகு, "அதுல என்னா போட்டிருக்கு, முழுசாப் படிங்கக்கா" என்றார்.

படித்தேன். கிளப் கலைக்கப்பட்டால் அதன் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. இதே நோக்கம் கொண்ட வேறொரு சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"இதே நோக்கம்னா யாரு சார்?" என்றார் வின்சென்ட்.

"யாராவது. பேரெல்லாம் போடணும்னு இல்ல" என்றார் ஆடிட்டர்.

"பேர் போடலைன்னா அந்த அகாடமிக்காரங்க வந்து, நாங்களும் ஃபுட்பால்தான்னு கோல்போஸ்ட்டத் தூக்கினு போயிருவாங்க. பின்னாலயே நம்ம பசங்களும் போய் கேட்டுக்கு வெளிய நிப்பாங்க. ஃபீஸ் யார் கட்டுவா? பேர் போட்டே ஆவணும்" என்றார் வின்சென்ட்.

யார் பெயரை? சர்ச் என்றார் ஒருவர். அங்கே கோச் யார்? பள்ளிக்கூடம் என்றார் இன்னொருவர். விளையாட்டுப் பீரியடிலேயே கணக்கு நடத்துகிறார்கள் என்று அதுவும் தள்ளுபடி. காசு வாங்காமல், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஆட்டம் கற்றுத்தருகிறவர் வேறு யார் இருக்கிறார்?

எல்லோருக்கும் தெரியும். கடைசியில் வின்சென்டே சொன்னார்.

"தொம்மலூர் முனிராஜ்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முனிராஜ், பக்கத்து ஏரியாவான தொம்மலூர் கிளப்பின் கோச். எங்களுக்குப் பரம வைரி. என்றைக்கோ நடந்த ஒரு பெனால்டி தகராறுக்குப் பிறகு அவருக்கும் வின்சென்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேட்ச் முடிந்து கை குலுக்கும்போதுகூட இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான் குலுக்குவார்கள்.

"அவனைக் கண்டா எனக்கு ஆவாது. ஆனா நம்ம பசங்க அவன்கிட்ட போனா பாதியில விடமாட்டான். அது எனக்கு நல்லாத் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. பாங்க் ஃபாரத்தில் நாமினி என்ற கட்டத்தில் யார் பெயரைப் போடுகிறோம்? நமக்குப் பிரியமானவர் பெயரை. பணத்துக்கு அது சரி. ஆனால் ஆயுளெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு வேலையை? அதில் எவ்வளவு கஷ்டம் இருக்கிறது என்பது பிரியமானவர்களுக்குத் தெரியுமா என்ன... போட்டிக்கு அதே வேலையைச் செய்கிறவருக்குத்தான் தெரியும். நானும் எழுதிப் பிழைக்கிறவள். இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வயிறு எரிகிறது.

"முனிராஜ் சார்னா போடுங்க" என்று சாந்தி பேனாவைத் திறந்தார். பெயர் போடுவதென்றால் அவர்களிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள் என்றார் ஆடிட்டர்.

மறுநாள் மாலை வின்சென்ட் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு தொம்மலூர் போனார். எங்களைப் பார்த்ததும் முனிராஜ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்ன விஷயம் மேடம்?" — என்னிடம்தான். பக்கத்தில் நின்ற ஆள் அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

நான் விவரத்தைச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "இவருக்கு உடம்பு கிடம்பு எதனா சரியில்லையா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் வின்சென்ட், நேராக அவரைப் பார்த்து.

"அப்போ சும்னே ஒரு பேச்சுக்குத்தான எழுதுறீங்க? மூட மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

"மூடாதீங்க குரு" என்றார், கன்னடத்தில் நண்பனைக் கூப்பிடும் தோரணையில். "அப்புறம் எங்க பசங்க யார்கூட ஆடுறது? அந்த அகாடமிப் பசங்க மழை பெய்ஞ்சா ஷூ அழுக்காவும்னு வரவே மாட்டாங்க."

கையெழுத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றார் வின்சென்ட். சற்றுப் பொறுத்து, "சரி, சொல்லுங்க" என்றார்.

கெடுவுக்குள் பதிவும் முடிந்தது. வாரத்தில் மூன்று மாலை எங்களுக்கு, மீதி அகாடமிக்கு என்று மைதானத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தெருவுக்குப் போகவேண்டியதில்லை. அது போதும்.

போன ஞாயிறு, பதிவான கிளப்பின் முதல் பொதுக்குழு, மைதானத்திலேயே. என்ன செய்வது, அன்று காலைதான் தொம்மலூரிடம் நாலு கோல் வாங்கியிருந்தோம். வின்சென்ட் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அக்கா, அந்தக் கடைசி ஷரத்து... அதை மாத்த முடியுமா?"

"முடியும். பொதுக்குழு கை தூக்கணும்."

"கேட்டீங்கல்ல? மாத்தணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

ஒரு கைகூட எழவில்லை. வின்சென்டுடையதும்தான்.