மாடியில் கேட்ட சண்டை

கல்யாணமாகிப் போத்தனூர் வந்த முதல் ஆறு மாதம் எனக்கும் என் கணவரின் அண்ணிக்கும் நடுவில் மரியாதையைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அம்மணி என்பார். "நீங்க சாப்புடுங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று நாள் முழுக்க இருவரும் 'ங்க' போட்டுக்கொண்டே இருந்தோம். அதற்கு மேல் ஒரு பேச்சும் இல்லை.

அவர் தாராபுரத்துப் பெண். நான் கொடுமுடி. எங்களைக் கட்டிய அண்ணனும் தம்பியும் சேர்ந்து பம்புகளுக்கு இரும்பு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கேரியர் பட்டறைக்குப் போனதும் மாமியார் படுத்துவிடுவார். பிறகு நாலு மணிவரை அந்த வீட்டில் காற்றாடி மட்டும்தான் அசையும். ரயில் ஜங்ஷனில் பெட்டிகள் கோர்க்கும் சத்தம் எங்கோ கனவில் போலக் கேட்கும்.

அப்படி ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தபோது, கூடத்திலிருந்து யாரோ வேற்று மொழியில் கத்துவது மெல்லக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவிக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் ஜாய்ஸ்டிக். அவருடைய கணவர் மிஷின் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது வாங்கிவந்து, பத்து நாள் ஆடிவிட்டு மறந்துபோன டிவி கேம் அது. என்னைக் கண்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"அத்தகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மணி."

"நான் எதுக்குங்க்கா சொல்றேன்?" என்றேன். போகவும் மனமில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அவர் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் தள்ளிவைத்தார்.

ஜப்பான்காரர்களின் சண்டை கேம் அது. கேசட்டின் மேல் எங்களுக்குப் புரியாத எழுத்துகள், நடுவில் பெரிதாக ஒரு 2. முதல் பாகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. யாருக்கும் யாருக்கும் என்ன பகை, எதற்காக ஊர் ஊராகப் போய் அடித்துக்கொள்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. ஆட்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். தொந்தி பெருத்தவன் சம்பந்தி. துள்ளித் துள்ளி அடிப்பவன் வெட்டுக்கிளி. நான் எப்போதும் எடுப்பது குடையோடு நிற்கும் ஒரு பெண்ணை. அவளை அக்கா டீச்சர் என்பார். கடைசியில் வரும் நாலு பேரை மட்டும் நாம் எடுத்து ஆட முடியாது. அவர்கள் எதிரே நிற்பார்கள், அவ்வளவுதான். அவர்களிலும் கடைசியாக வரும் நெட்டையன் எங்களை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவான்.

நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். காரணம் எனக்குத் தெரியும். திரையில் சண்டைக்காரர்களுக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடும். அதில் ஓலைக் கூரை போட்ட ஒரு படகு. கரையில் விளக்கு வைத்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகரும். ஒரு வீட்டு வாசலில் யாரோ துணி உலர்த்துவார்கள். நான் அந்த வீடுகளுக்குள் யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் சுருண்டு விழுந்துவிடுவாள்.

"நீங்க வேடிக்க பாக்கறீங்க, நான் அடிச்சுப்போடறேன்," என்று அக்கா சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் முதலில் கேட்டது அங்கேதான்.

கை வேலையாக இருந்ததாலோ என்னவோ, பேச்சு தானாக வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ஆறு வருஷமாகக் குழந்தையில்லை என்று உறவுக்காரர்கள் கேட்கும் கேள்விகளை அவர் சம்பந்தியை உதைத்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஊர்க் காவிரியில் விடிகாலை குளிக்காமல் எனக்கு இன்னும் பொழுது விடிந்த மாதிரியே இல்லை என்று நானும் சொன்னேன். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

அடுத்த தையில் பட்டறையில் தகராறு வந்தது. முழுப் பம்பையே சொந்தமாகச் செய்யலாம் என்றார் அண்ணன். வார்ப்பே போதும் என்றார் என் கணவர். ஒரு நாள் வேலையாட்கள் முன்னாலேயே இருவரும் கத்திக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து பேச்சு நின்றது. அண்ணனும் அக்காவும் மாடிக்குக் குடிபோய்த் தனி அடுப்பு மூட்டினார்கள். டிவி கேமும் மேலே போனது. படியில் எதிர்ப்பட்டால் நானும் அக்காவும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மத்தியானங்களில் நான் கீழே பாயில் படுத்திருப்பேன். தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்கும். ஊருக்கு ஒரு பாட்டு என்பதால், எந்த ஊர்ச் சண்டை, யார் விழுந்தார் என்று பாட்டையும் கத்தலையும் வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். பாதித் தூக்கத்தில் அந்தப் படகு என் அறைக் கூரையில் மிதந்து போகும். வெகுநேரம் கழித்து அந்த நெட்டையனின் சிரிப்பு. பிறகு எதுவும் கேட்காது. அக்கா தோற்றுவிட்டார் என்று எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சித்திரையில் ஒரு நாள், நான் அதுவரை கேட்டிராத பாட்டு ஒன்று மேலிருந்து வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். மறுபடியும் புதுசாக இன்னொன்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் கொதித்த படிகளில் ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "உள்ள வாங்க அம்மணி. புதுக் கேசட்டுங்க," என்றார்.

அதே கேம்தான், அதே 2. அதற்கு மேல் தங்க நிறத்தில் ஒரு சொல் கூடியிருந்தது. ஆட்கள் கூடியிருந்தார்கள். எதிரே மட்டும் நின்ற அந்த நாலு பேரையும் இதில் நாமே எடுத்து ஆடலாம். ஆற்றங்கரையும் இருந்தது. ஆனால் இப்போது அங்கே சாயங்காலம் தாண்டிப் பனி இறங்கியிருந்தது. துணி உலர்ந்த வாசல் காலியாக இருந்தது.

அக்கா நெட்டையனை எடுத்தார். "இவன நாம ஒரு தடவகூடச் செயிச்சதில்லீங்க. இப்ப நானே இவனாயிட்டேன்."

நான் டீச்சரை எடுத்தேன். இரண்டு சுற்று ஆடினோம். மூன்றாவதில், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே அவர் கேட்டார்: "தனியாப் போலாம்னு நாந்தான் தூண்டிவிட்டேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சனுங்க."

"நானும் நீங்கதான் தூண்டிவிட்டீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

இருவர் கையும் நின்றுவிட்டது. திரையில் நெட்டையனும் டீச்சரும் அடிக்காமல், மூச்சு வாங்கியபடி ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். நேரம் முடிந்து மணி அடித்தது. யாருக்கும் வெற்றி இல்லை.

"அவங்க ரெண்டு பேரும் பேசாட்டிப் போறாங்க. நாம எதுக்குங்க்கா இப்பிடி?" என்றேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு ஆட்டம் போடுங்க," என்றார்.

பட்டறை மறுபடி ஒன்றாகவில்லை. அண்ணன் பம்பு செய்தார், தம்பி வார்ப்பு ஊற்றினார். ஆனால் நான் மேலே போன அன்று சாயங்காலம் என் கணவர் வந்து, மத்தியானம் போன் அடித்தேனே, எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்.

"மேல போயிருந்தனுங்க. அக்காகூட."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகம் கழுவினார். டீ குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"அண்ணன் வந்துட்டாரா?"

"இன்னும் வரலீங்க," என்றேன்.

அவர் எழுந்து போய்ப் படிக்கட்டின் கீழே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.