எண்ணெய் பூசிய பெல்ட்

என் சின்னம்மாவின் மூத்த மகன் சீவரத்தினம், எனக்குத் தம்பி முறை. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம். பெண் எடுத்தது வட்டுக்கோட்டையில், என் மாமியாரின் தங்கை மகள் செல்வநாயகியை. ஆகையால் அவள் இரண்டு வழியிலும் எனக்கு மச்சாள். பிள்ளைகள் இல்லை. இருந்தது ஒரு பழைய ஒஸ்டின் கார்.

போரால் சாமான்களுக்குத் தடை, பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம். முருங்கைக்குக் கீழ் நிறுத்தி எல்லாத் திருத்தமும் தானே செய்வான். எஞ்சினின் விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றவைக்கும் பெல்ட் வெடித்துவிட்டது. அதை நைலோன் நூலால் தைத்துத் தைத்து ஓடினான்.

செல்வநாயகிக்கு நெஞ்சு வருத்தம். என்றைக்கோ ஒருநாள் அவளை ஏற்றிக்கொண்டு பெரியாசுபத்திரிக்கு ஓட வேண்டிவரும் என்று அவனுக்குப் பயம். அதற்காகவே புதுப் பெல்டுக்குச் சொல்லிவிட்டான். அவன் தங்கை பாலேஸ்வரி கொழும்பில் வாங்கி, இராணுவச் சோதனையில் பறிபடாமல் சேலைக்குள் ஒட்டியாணம் போல மாட்டிக்கொண்டு கிளாலிக் கடல் கடந்து வந்தாள்.

அவன் அதைப் பூட்டவில்லை. ஆபத்துக்கென்று சாமியறையில் கொழுவி வைத்தான். மாடு பூட்டும் தோல் வார் வெடிக்காமல் எண்ணெய் பூசிப் பழகிய கை. வெள்ளிக்கிழமைகளில் பெல்டுக்கும் நல்லெண்ணெய் பூசினான்.

"பாருங்கோ மச்சாள், உவர் பெல்டுக்கு முழுக்கு வாக்கிறார். என்ரை தலைக்கு ஒருநாளும் ஒரு துளி இல்லை," என்று செல்வநாயகி சிரிப்பாள்.

"உன்ரை தலை வெடிக்காதடி, இது வெடிக்கும்," என்பான் அவன்.

தொண்ணூற்றுமூன்று ஆவணியில் ஒரு மத்தியானம் அவளுக்கு நெஞ்சு நொந்தது. நானும் அங்கே நின்றேன். தைத்த பெல்ட் வழியில் அறுந்துவிடும் என்று அதைக் கழற்றி எறிந்தான். டைனமோவைத் தளர்த்தி, புதியதைக் கப்பிகளில் ஏற்றி, அலவாங்கால் நெம்பி இறுக்கினான். இந்த நாளுக்காகத்தானே வைத்திருந்தது.

அவள் தலை என் மடியில். மானிப்பாய் தாண்டக் கீச்சென்ற சத்தம். ஆனைக்கோட்டையில் ஒரே நீராவி. மூடியைத் திறந்தால், பெல்ட் ஊதி இளகி, கப்பியில் வழுக்கிக்கொண்டிருந்தது. மேலும் இறுக்க இடமில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கினார். குருநகர்க் கனிசியஸ், கார் திருத்துபவராம். தொட்டு, விரலை மணந்து பார்த்தார்.

"உதுக்கு எண்ணெய் பூசினனியளோ அண்ணை? றப்பர் எண்ணெயிலை இளகிப்போமெல்லோ. பழசு கிடக்கோ?"

"வீட்டிலை எறிஞ்சிட்டன்," என்றான்.

அவ்வழியால் வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் அவளை ஏற்றினோம். ஆசுபத்திரி வாசலைக் காண முதலே என் மடியில் அடங்கிவிட்டாள்.

மறுநாள், குளிப்பாட்ட முன் இனசனம் ஒவ்வொருவராக அவள் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்தது.

"வா மோனை, நீ வை," என்று பொன்னம்பலம் பெரியப்பா கூப்பிட்டார்.

சீவரத்தினம் எண்ணெயில் விரல்களைத் தோய்த்தான். அவள் தலைக்குக் கிட்டக் கொண்டுபோய், அப்படியே நின்றான்.

"என்னாலை ஏலாது பெரியப்பா."

நான்தான் அவன் கையைப் பிடித்து வைப்பித்தேன்.