நோயில்லாதவர் வரிசை

மனச்சிதைவு நோய் உள்ள ஆண்களையும் நோயில்லாத ஆண்களையும் ஒப்பிடும் ஆராய்ச்சிக்காக, ஒரு டாக்டர் தூத்துக்குடி துறைமுகத்துக்கே ஆள் தேடி வந்தார். கிரேன் ஓட்டுகிற நாங்கள் நாலு பேர் நோயில்லாதவர்களாகப் போனோம். படிவம் நிரப்பிய பெண், "கூடப் பிறந்தவங்க யாருக்காவது மனநோய் உண்டா? இருந்தா உங்களைச் சேர்க்க முடியாது" என்றாள். என் பின்னாலேயே மற்ற மூவரும் நின்றார்கள்.

"அப்படியெல்லாம் யாரும் இல்ல மேடம்" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னேன், அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

என் தம்பிக்குப் பதினொரு வருடமாக அந்த நோய்தான். தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதே நான்தான்.

ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தம்பியின் கையிலும் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மாத்திரை வாங்க அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனவனை, அதே ஆராய்ச்சியில் நோயாளியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

"அண்ணே, நோவு இல்லாத ஆம்பளையளும் வேணுமாம். எங்கண்ணன் இருக்கான், நானே கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டேன். வருவேல்ல?"

மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி, என் பஞ்சை மறைத்துக்கொண்டேன்.