படித்ததாகக் காட்டிய கடிதங்கள்

அனார்குல் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சொந்த ஊரான பத்கென் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பின்பக்கம் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை இருந்தது. காலையில் அதற்குள் போகும் கடிதங்கள் மத்தியானம் வெளியே வரும்போது உறைகளில் பசை ஈரமாக இருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அவளும் கேட்டதில்லை. சொந்த விஷயத்தைக் காகிதத்தில் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

பிறகு பழைய ஆட்சி போய் நாடே மாறியது. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் ஜிபெக்கைத் தனியாக வளர்த்துப் படிக்கவைத்துத் தலைநகர் பிஷ்கெக்குக்கு அனுப்பினாள். உலர்ந்த ஆப்ரிகாட் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று ஊரில் தொடங்கியபோது, அதன் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்க அவளைக் கூப்பிட்டார்கள். மின்னஞ்சல் அவளுக்குப் பிடித்துப்போனது. நடுவில் யார் கையும் படுவதில்லை. பாஸ்வேர்ட் அவள் தலைக்குள் இருந்தது. அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

அதனால்தான் இடது மார்பில் கட்டி தென்பட்டு, ஓஷ் நகரத்து மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியபோது, முடிவைத் தெரிவிக்க அலுவலக மெயில் முகவரியையே கொடுத்தாள். வேறு முகவரி அவளிடம் இல்லை. விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஜிபெக்கிடம்கூட.

அந்த வாரம்தான் அலுவலகத்து மெயில் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். ஓஷிலிருந்து தாலாய் என்ற கம்ப்யூட்டர்காரன் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றிவிட்டுப் போனான். மறுநாள் அனார்குல் பெட்டியைத் திறந்தாள். படிக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்றுகூட அப்படி இல்லை. அன்று காலை வந்த மருத்துவமனைக் கடிதமும் மெல்லிய எழுத்தில், ஏற்கெனவே யாரோ பார்த்ததுபோல, நடுவில் கிடந்தது.

ஆரம்ப நிலைதான், சீக்கிரம் அறுவைச் சிகிச்சைக்கு வரவும் என்று எழுதியிருந்தார்கள். பயம் ஒரு பக்கம். யார் இதைத் திறந்தது என்ற கேள்வி இன்னொரு பக்கம்.

தாலாய்க்குப் போன் போட்டாள்.

"நான் படிக்காத மெயிலெல்லாம் படிச்சதா காட்டுதே தம்பி, அது எப்படி?"

"புது வெர்ஷன்ல சில சமயம் அப்படி ஆகும்க்கா. பழசையெல்லாம் மாத்தறப்போ குறி கலைஞ்சுபோயிருக்கும்."

"அப்போ இன்னைக்குக் காலையில வந்த மெயிலும் அப்படிக் காட்டுதே?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "வந்து பாக்கறேன்க்கா."

அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. இவன்தான் படிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அதே நாட்களில் அலுவலகமே விநோதமாக மாறியது. கணக்குப் பார்க்கும் ஸுல்பியா, இத்தனை வருஷத்தில் ஒரு கோப்பை தேநீர்கூட ஊற்றித் தந்திராதவள், வீட்டிலிருந்து ஆட்டிறைச்சி சூப் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தாள்.

"குடிங்க அக்கா. உடம்புக்குத் தெம்பு."

"என் தெம்புக்கு இப்ப என்ன குறைச்சல்?"

"சும்மாதான். நேத்து நிறைய வச்சுட்டேன்."

கிடங்கு ஆட்கள் ஆப்ரிகாட் மாதிரிப் பெட்டிகளை அவளைத் தூக்கவிடவில்லை. முதலாளி குபானிச் கூப்பிட்டு, "ரொம்ப நாளா லீவே எடுக்கலியே, கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோங்க" என்றார். என்னை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள் என்று அனார்குல் புரிந்துகொண்டாள். சூப்பைக் குடிக்கவில்லை. வாசலில் நின்ற நாய்க்கு ஊற்றினாள்.

கடைசியில் முதலாளியேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "ஓஷ்ல அந்த டாக்டர் கைராசிக்காரர். என் கொழுந்தியாளுக்கும் அவர்தான் பண்ணினார்."

"எந்த டாக்டர்?" என்றாள் அனார்குல்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

தாலாய் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். "உண்மையச் சொல்லு. எதுக்கு என் கடுதாசியப் படிச்சே? ஊரெல்லாம் எதுக்குச் சொன்னே?"

அவன் வெலவெலத்துப் போனான். "சத்தியமா நான் பாக்கலைக்கா. உங்களுக்கு என்ன வந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. வாங்க, ஒவ்வொரு கம்ப்யூட்டரா பாத்துடுவோம்."

முதலில் ஸுல்பியாவின் மேஜைக்குப் போனார்கள். அவளுடைய மெயில் திரையின் இடது ஓரத்தில், அவள் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி. மேலே அனார்குல் என்ற பெயர். தாலாய் அதைத் தொட்டான். எல்லாம் விரிந்தது. அடுத்த மேஜையிலும் அதே. முதலாளி அறையிலும் அதே.

தாலாய் சர்வர் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் துருவினான். கம்பெனி தொடங்கியபோது இருந்தது ஒரே முகவரி. அதுதான் பிற்பாடு அனார்குலுடையது ஆனது. அன்றைக்கு யாரோ அதைப் பொதுப் பெட்டி என்று குறித்து வைத்திருந்தார்கள். பழைய பதிப்பு அந்தக் குறிப்பைக் கண்டுகொண்டதே இல்லை. புதிய பதிப்பு அதற்குக் கீழ்ப்படிந்து, அவள் பெட்டியை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

"மாத்தறதுக்கு முன்னாடி நான் இதப் பாத்திருக்கணும். தப்பு என்மேலதான்" என்றான் தாலாய்.

அனார்குல் ஸுல்பியா பக்கம் திரும்பினாள். "பேரு என்னோடதுன்னு தெரியுதில்ல. தெரிஞ்சும் தொறந்தியா?"

"முதல்ல ஆபீஸ் மெயில்னு நெனச்சேன் அக்கா. அப்புறம்..." ஸுல்பியா தலையைக் குனிந்துகொண்டாள். "மருத்துவமனைன்னு போட்டிருந்துச்சு. மனசு கேக்கல."

"மனசா, வாயா? முதலாளிக்கு யாரு சொன்னா?"

ஸுல்பியா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

தாலாய் குறிப்பை அழித்து, பெட்டியைப் பூட்டி, பாஸ்வேர்டையும் மாற்றவைத்தான். சரியாகிவிட்டது என்ற அவன் வார்த்தையை அவள் ஏற்கவில்லை. இந்த மாதம் எல்லோருக்கும் இரட்டைச் சம்பளம் என்று தனக்குத் தானே ஒரு பொய் மெயில் அனுப்பினாள். பிறகு தேநீர்க் கோப்பையோடு மேஜை மேஜையாகச் சுற்றி முகங்களைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். ஒரு முகத்திலும் மலர்ச்சி இல்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு நன்றி சொன்னாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் மகளுக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. தெருவிலேயே நின்று போன் செய்தாள். ஜிபெக் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், அடுத்த விமானத்தில் ஓஷுக்கு வந்து சேர்ந்தாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இலையுதிர் காலத்தில் அனார்குல் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே ஸுல்பியா சூப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"வச்சுட்டுப் போ" என்றாள் அனார்குல். திரையைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சூப்பைக் குடிக்க ஆரம்பித்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.