கோனுக்கு உள்ளே

அம்மா என்னை முதன்முதலில் "மேடம்" என்று கூப்பிட்டது, திருமுருகன்பூண்டிக்கு அந்தப் பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலை நடந்த இடத்தில், காலை ஏழேமுக்கால் மணிக்கு. நான்தான் அப்படிக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். அங்கே நான் பாதுகாப்பு அலுவலர். அவள் வண்டிகளை நிறுத்தி அனுப்பக் கொடி பிடிக்க வந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோ முடித்து, அதற்கு மேல் ஓராண்டு பாதுகாப்புப் படிப்பும் படித்தேன். எனக்கு வெள்ளை ஹெல்மெட், தொழிலாளர்களுக்கு மஞ்சள். அந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அம்மா இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனிகளில் பிசிர் வெட்டினாள். தைத்து வரும் துணியில் தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. கண் மங்கியதும் கத்தரி துணியிலேயே விழ ஆரம்பித்தது. அப்படி ஓட்டை விழுந்த ஒரு டி-சர்ட்டை சூப்பர்வைசர் அவள் தலையில் போர்த்தி, சாயங்காலம் வரை எல்லோர் முன்னாலும் உட்கார வைத்தான். மறுநாள் அவள் போகவில்லை. கிட்டத்தில்தான் தெரியவில்லை, தூரத்தில் வரும் வண்டி நன்றாகத் தெரிகிறது என்றாள். கொடி பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் என்று புராஜெக்ட் மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். மூன்று நாள் பயிற்சி பெற்றவர் என்ற சான்றிதழிலும் நானே கையெழுத்துப் போட்டேன். பயிற்சி எங்கள் வீட்டு அடுப்படியில் கால் மணி நேரம் நடந்தது. கரண்டிதான் கொடி.

சிறுபாலம் கட்டுவதற்காக ரோட்டில் பாதியைத் தோண்டியிருந்தோம். தோண்டிய பக்கத்துக்கு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கோன்கள்தான் எல்லை, வேலை செய்பவர்கள் அதற்கு உள்ளேதான் நிற்க வேண்டும். மீதி ரோட்டில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். இடையில் ஒரு வளைவு. ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. வாக்கி டாக்கி கேட்டேன், வரவில்லை. அதனால் நான் ஒரு வழி கொண்டுவந்தேன். சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு குச்சி. ஒரு பக்கத்திலிருந்து போகும் கடைசி வண்டிக்காரரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். அது மறுமுனையில் கொடி பிடிப்பவர் கைக்கு வந்து சேர்ந்தால் வழி காலி. குச்சி கையில் இல்லாதவர் யாரையும் விடக்கூடாது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அந்தக் குச்சியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன்.

எங்கள் தூசியைப் பற்றிப் புகார் சொல்லாதவர்கள் ரோட்டோரத்துச் சிற்பப் பட்டறைக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் சொன்னார்கள், பெரும்பாலும் அம்மாவிடம். கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு பெண்மணி, "அந்தக் கொடிய மடிச்சு வெச்சுட்டு ஊட்டுக்குப் போய்ச் சோறாக்கு" என்றார். பைக்கில் வந்த ஒருவன் வாய் கொப்பளித்து அவள் காலடியில் துப்பினான். அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "கொஞ்சம் நில்லுங்க சாமி, இதா ஆச்சுங்க."

பனியன் கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன்கள் எட்டேகாலுக்கு மேல் வரும். எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அரை ஷிப்ட் போய்விடும். இருபத்தாறு வருடம் அந்தக் கேட்டை நோக்கி ஓடியவள் அம்மா. நான் வயிற்றில் இருந்தபோதும் ஓடினாள். ஒரு கார் எத்தனை நேரம் ஹாரன் அடித்தாலும் அசையாத அவள் கை, வேனுக்குள் நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்ததும் ஒருநாள் தானாக இறங்கியது. குச்சி வரவில்லை. வேன் போய்விட்டது. நல்லவேளையாக எதிரே எதுவும் வரவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், எல்லோரும் வரிசையாக நிற்கும்போது கேட்டேன்.

"நேத்து அந்த வேனை விட்டப்போ உங்க கையில குச்சி இருந்துச்சா?"

"இல்லீங்க மேடம்."

"அப்புறம் எப்படி விட்டீங்க?"

"புள்ளைங்க கெஞ்சுச்சுங்க. கேட்டு மூடிருவாங்கன்னு..."

"கேட்டைப் பாக்கறதுக்கா உங்களுக்குச் சம்பளம்? படிக்காதவங்களை வெச்சா இப்படித்தான் ஆகும்."

சிலர் சிரித்தார்கள். கம்பி கட்டும் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒடிசாக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட்டம் கலைந்ததும் தன் தண்ணீர்ப் பாட்டிலை அம்மாவிடம் நீட்டி, "அம்மா, மேடம் காலைல கோபம். சாயந்தரம் சரி" என்றார். அந்த இடத்தில் அவளை அம்மா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அன்று வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள். "நீ பேசினது நல்லா இருந்துச்சு கண்ணு. அல்லாரும் பயந்துட்டாங்க." அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

ஒன்பது நாள் கழித்து, எட்டு இருபதுக்கு, மழைத் தூறலில் ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தியது சிற்பப் பட்டறை வரை கேட்டிருக்கிறது. "ஏனுங்கக்கா, இருவது புள்ளைங்க இருக்குது. இன்னிக்கும் லேட்டுன்னா என்னையவே நிறுத்திருவாங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?" அம்மாவுக்குத் தெரியாததா. கொடி இறங்கியது.

வளைவில் எதிரே டிப்பர் லாரி வந்தது. குச்சி அந்த டிப்பர் ஓட்டுநரிடம் இருந்தது. வேன்காரன் இடது பக்கம் ஒடித்தான். மூன்று கோன்களைத் தள்ளிக்கொண்டு போய், பாலத்துக்குக் கட்டி நிறுத்தியிருந்த கம்பிகளில் முட்டி நின்றது வேன். கம்பிக்கும் வேனுக்கும் நடுவில் அந்த ஒடிசாக்காரரின் கால் இருந்தது. வேனில் இருந்த பெண்களுக்குச் சிராய்ப்புத்தான். கதவைத் திறந்து இறங்கிய ஒருத்தி முதலில் கைப்பேசியில் மணி பார்த்தாள்.

வேனைப் பின்னுக்குத் தள்ளி அவரை விடுவித்தார்கள், ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. போலீஸ் வர இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். நான் யோசிக்க எனக்கு அந்தப் பத்து நிமிடமும் தேவைப்படவில்லை. அவர் கோனுக்கு உள்ளே நின்று வேலை செய்தார் என்றால் குற்றம் கொடி பிடித்தவருடையது. கொடி பிடித்தவரை வேலைக்குச் சேர்த்தது யார், பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று அடுத்து கேட்பார்கள். கோனுக்கு வெளியே நின்றார் என்றால் குற்றம் அவருடையது. விதியைத் தெரிந்தே மீறியவர் என்று எழுதிவிட்டால் அவருக்குச் சேர வேண்டிய நஷ்டஈடும் சேராது. இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

சாய்ந்து கிடந்த மூன்று கோன்களையும் நிமிர்த்தினேன். பழைய இடத்தில் வைக்கவில்லை. இரண்டடி உள்ளே தள்ளி வைத்தேன். ரத்தம் இப்போது கோனுக்கு வெளியே இருந்தது. நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தேன்.

நிமிர்ந்தபோது அம்மா பக்கத்தில் நின்றாள். கொடி இன்னும் கையில் இருந்தது.

"கண்ணு, அது அங்க இல்ல."

அந்த இடத்தில் அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அது ஒரு தடவைதான்.

"உங்க இடத்துக்குப் போய் நில்லுங்க" என்றேன்.

புராஜெக்ட் மேனேஜர் வந்து கோன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க, நான் சொல்லித் தர வேண்டியதில்லை" என்றார். வேன் ஓட்டுநரும் அந்த ஆள் வெளியேதான் நின்றார் என்று எழுதிக் கொடுத்தார். கூடக் கம்பி கட்டிய இருவரை அன்று மதியமே வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒடிசாக்காரரின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நான் எழுதிய விபத்து அறிக்கையில் அவருடைய கைநாட்டு தேவைப்பட்டது. அவர் மையைத் தொடுவதற்கு முன் கேட்டார்.

"மேடம், நான் உள்ளே. கோன் உள்ளே. நீங்க தினம் சொல்றது, நான் கேக்கறது. உள்ளேதானே?"

"ரெஸ்ட் எடுங்க" என்றேன்.

அவர் கட்டை விரலை நானே பிடித்து வைத்தேன். பிறகு அவர், கொடி பிடிக்கும் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்றார். ஊரிலிருந்து தம்பி வந்து அவரை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். தமிழில் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "உள்ளதான இருந்தாரு" என்றாள். அதன் பிறகு வீட்டிலும் அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. "சாப்பிடறீங்களா" என்கிறாள். கோபத்தில் சொல்வதாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பழகிப்போன மாதிரிச் சொல்கிறாள்.

அறிக்கை நன்றாக இருந்ததாகத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. அதைக் காலைக் கூட்டத்தில் பாடமாகச் சொல்லச் சொன்னார்கள். தினமும் சொல்கிறேன். போன மாதம் ஒருத்தர் கோனுக்கு வெளியே நின்றார், கால் போனது, அவர் தப்பு. புரிந்ததா என்று கேட்பேன். புரிந்தது மேடம் என்பார்கள். அந்தக் குரல்களில் அம்மாவின் குரலும் இருக்கும்.

ஆனால் விசாரணை இன்னும் முடியவில்லை. அறிக்கையோடு சேர்த்த படத்தில் கோன்கள் எங்கே இருந்தனவோ அங்கேயேதான் இப்போதும் இருக்க வேண்டும். வெளியே நகர்த்தினால், முன்பு ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேள்வி வரும். கம்பியோ பழைய இடத்தில்தான் நிற்கிறது. அதைக் கட்டப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

நேற்று கூட்டம் முடிகிற நேரத்தில் அம்மா கையைத் தூக்கினாள். கேள்வி இருப்பவர்கள் கையைத் தூக்க வேண்டும் என்பது நான் வைத்த விதி.

"கோனுக்கு வெளிய நிக்கப்படாதுங்கறீங்க. அந்தக் கம்பியக் கட்டோணும்னா அவங்க வேற எங்கீங்க நிப்பாங்க, மேடம்?"

புதிதாக வந்த இருவருக்கும் தமிழ் தெரியாது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். அவர்கள் கோன்களைத் தாண்டிப் போய்க் குனிந்து கம்பி கட்டத் தொடங்கினார்கள். அம்மா கொடியை எடுத்துக்கொண்டு தன் முனைக்கு நடந்தாள். எட்டேகால் ஆகியிருந்தது.