தரச்சான்றும் எண்ணெய்க் கையும்

எங்கள் முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் ஆயாவாக இருக்கும் அக்காவுக்கு மேலாளர் வைத்த பெயர் ‘காலிக்கட்டம்’. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆறு பேரை படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முதுகில் எண்ணெய் தடவித் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, கட்டிலில் தொங்கும் தாளில் அந்த நேரத்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும். அக்கா திருப்புவார், டிக் போட மாட்டார். மூன்றாம் மாடியில் கதை நேர்மாறு. அங்கே தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

மேலாளர் தரச்சான்றிதழுக்கு ஆலாய்ப் பறந்தார். அது கிடைத்தால் வாசலில் பலகை மாட்டலாம். பெற்றோரைக் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகள் மாடி ஏறிப் பார்க்காமலே நிம்மதியாகத் திரும்பலாம்.

“ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுல ஒரு காலிக்கட்டம் பட்டாலும் மறுநாள்லேருந்து நீ வர வேண்டாம்” என்று அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பதினோரு வருட வேலை. வீட்டில் அடுப்பெரிவது அதை நம்பித்தான்.

நான் இல்லத்தின் எழுத்தர். இளகிய மனசு, அதுதான் வினை. ஆய்வுக்கு முதல் நாள் அக்காவின் ஆறு தாள்களையும் வாங்கி டிக் போட்டுத் தள்ளினேன். போட்ட வேகத்தில் மறுநாள் கட்டங்களையும் விட்டுவைக்கவில்லை.

ஆய்வாளர் அம்மா காலை பதினோரு மணிக்கு வந்தார். முதல் கட்டிலின் தாளை எடுத்துப் பார்த்தார்.

“சாயங்காலம் நாலு மணிக்கு இவரைத் திருப்பினது யாரு?”

“நாலு மணி இன்னும் ஆகலையேம்மா” என்றார் அக்கா.

“அப்ப இது நீங்க போட்டதில்லையா?”

“எனக்கு எழுத ஏதும்மா நேரம்? கையெல்லாம் எண்ணெய். கழுவிட்டு வர்றதுக்குள்ள அடுத்தவர் கூப்பிட்டுடுவாரு.”

நான்தான் போட்டேன் என்று சொல்ல வேண்டியவன், கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஆய்வாளர் கையுறை மாட்டிக்கொண்டு ஆறு பேரின் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்த்தார். ஓரிடத்தில்கூடச் சிவந்திருக்கவில்லை. பிறகு மூன்றாம் மாடிக்குப் போனார். கட்டமெல்லாம் நிரம்பிய தாளுக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இடுப்பில் உள்ளங்கை அகலப் புண்ணோடு படுத்திருந்தார்.

சான்றிதழ் நின்றுபோனது. திருப்புகிறவரே திருப்பியவுடன் எழுத வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி வருவோம் என்றது அறிக்கை. இரண்டாம் மாடியைப் பாராட்டியும் இரண்டு வரி இருந்ததால் அக்காவின் வேலையில் மேலாளரால் கைவைக்க முடியவில்லை.

அதிலிருந்து அக்கா எண்ணெய்க் கையோடே டிக் போட்டார். தாளெல்லாம் கட்டைவிரல் கறை. அதைப் பார்த்த மேலாளருக்கு ஞானம் பிறந்தது. என்னைக் கூப்பிட்டு ஒரு எண்ணெய் பாட்டிலை நீட்டினார்.

“பார்த்தாலே அசல்னு தெரியுதில்ல? மூணாம் மாடித் தாள்லயும் அங்கங்க தடவிடு.”

மாடிப்படியில் அக்கா மறித்தார். “பாட்டில் எதுக்குத் தம்பி?”

இந்த முறை நான் கூரையைப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு மேலே ஏறினார்.

“தாளுக்கு எதுக்கு? அவங்க முதுகு காய்ஞ்சு கெடக்கு. நீயும் வா, திருப்ப ஒரு கை குறையுது.”

அன்றிலிருந்து தினமும் போனேன். இரண்டு மாதத்தில் தபால்காரரின் புண் ஆறியது. மறு ஆய்வில் சான்றிதழும் வந்தது. பலகை மாட்டிய அன்று மேலாளர் என் தோளில் தட்டினார்.

“எண்ணெய் ஐடியா எப்படி?”

“பிரமாதம் சார்” என்றேன். மணி பத்தாகியிருந்தது, திருப்பும் நேரம். மேலேயிருந்து அக்கா கூப்பிட்டார்.